அம்மாவின் சைக்கிளுக்கு ஒரு பின்சக்கரம்

விவேக்நகர், பெங்களூரு
சனிக்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் நிக்கோலுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், உன் அம்மா, பின்வீட்டிலிருந்து வந்து நம் வீட்டில் சாப்பிடும் பூனை, மூவரும் சுகம். நீயும் அந்த லிமெரிக் ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி நைட் டூட்டியிலும் தெம்பாக நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். தினமும் வீடியோ காலில் பார்க்கிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய், சிரி. வீடியோ காலில் என் பங்கு எவ்வளவு என்று உனக்கே தெரியும். உன் அம்மா பேசுவாள், பேசிக்கொண்டே இருப்பாள், நான் பின்னால் பீரோ மாதிரி நிற்பேன், கடைசியில் இந்தாங்க உங்க மகளோட ஒரு வார்த்தை பேசுங்க என்று போனை என் கையில் திணிப்பாள், நான் சாப்பிட்டியாம்மா என்பேன், அதற்குள் சார்ஜ் போய்விடும். தபாலாபீசில் வேலைக்காலம் முழுக்க ஊரார் கடிதத்தை எல்லாம் பிரித்து அடுக்கினேன், என் மகளுக்கு ஒன்று எழுதக் கூடாதா? இன்றைக்கு அவள் கோயில் பாட்டுக்குழு ரிகர்சலுக்குப் போயிருக்கிறாள், வீடு அமைதியாக இருக்கிறது, பேனாவை எடுத்துவிட்டேன்.

உன் தம்பி ரயான் நன்றாக இருக்கிறான். ஹெப்பகோடியில் அவன் வாடகை வீட்டு லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணுவதால் படியேறிப் படியேறித் தொப்பை கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறான், பூசை, பிரியாணி, தூக்கம், எழுந்தால் எங்களுக்குப் புத்திமதி. இந்த வயசுல சைக்கிள் எதுக்கும்மா, ஓலாவோ ஊபரோ புக் பண்ணித் தரேன், உட்கார்ந்து போ என்கிறான். நீயும் அங்கிருந்து அதையேதான் சொன்னாய். உண்மையைச் சொன்னால் நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன், இந்த மாதம்தான் கட்சி மாறினேன். எப்படி மாறினேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

உன் அம்மாவின் பச்சை சைக்கிள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு படுத்துவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார சிஸ்டர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதே, பிறகு உன்னைக் கேரியரில் வைத்துக் கான்வென்ட்டுக்கு இழுத்ததே, அதேதான். அதன் பின்சக்கரத்து நடுவில் குண்டாக ஒரு உருளை உண்டு, மூன்று கியரும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே குட்டி மனுஷன் ஒருத்தன் உட்கார்ந்து பல்சக்கரத்தைச் சுற்றுகிறான் என்று ரயான் சொல்லி நீ நம்பிக்கொண்டு, அவனுக்கு பிஸ்கட் போட வழி தேடினாய். அந்தக் குட்டி மனுஷன் இப்போது ராஜினாமா செய்துவிட்டான். மேல் கியர் மட்டும் பிடிக்கிறது, மேடு ஏறுகிற கியரைப் போட்டால் பெடல் காற்றில் சுற்றுகிறது. சைக்கிள் கடை பாய் திறந்து பார்த்து, பல் உடைந்த சக்கரங்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, அம்மாஜி இதுக்கு ஜான் போயிடுச்சு, உயிரே இல்லை, சாமான் எங்கயும் கிடைக்காது, இதே மாதிரி முழு வீல் கிடைச்சா மாத்தலாம், இல்லைன்னா சாதா வீல் போட்டுக்குங்க என்று சொல்லி மறுபடி மூடிக் கொடுத்துவிட்டார்.

சாதா வீல் போதாது என்பதுதான் சிக்கல். வெள்ளிக்கிழமை தோறும் காலைப் பூசை முடிந்ததும் அவள் நற்கருணை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு வர முடியாமல் வீட்டோடு கிடக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவது உனக்குத் தெரியும். ஏழு வீடு, அதில் நாலு வீடு கால்வாய்ப் பாலம் தாண்டி ஈஜிபுரா பக்கம் ஏறுகிற மேட்டுக்கு மேலே. நற்கருணை அப்பம் வைத்த அந்தச் சின்ன வெள்ளிச் சிமிழைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் போதும், போகிற வழியில் யாரோடும் ஒரு வார்த்தை பேசமாட்டாள், வீட்டுக்குள் போனால் ஜெபம் சொல்வதோடு சரி. ஆண்டவரை எடுத்துக்கொண்டு போகும்போது ஊர்க்கதையா என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அம்மா விழித்திருந்தும் வாய் மூடியிருக்கிற நேரம் அது ஒன்றுதான், அதனால் எனக்கும் அந்த ஊழியத்தின் மேல் தனி மரியாதை உண்டு.

இப்போது ஒன்று சொல்கிறேன், உடனே போனை எடுக்காதே, எல்லாம் ஆறிவிட்டது. ஜனவரி முதல் வெள்ளியன்று அந்த மேட்டில் பெடல் காற்றில் சுற்றி உன் அம்மா விழுந்துவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஒரு கையால் மார்போடு சிமிழைப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள், நாலு பேர் ஓடிவந்து என்னம்மா ஆச்சு, அடிபட்டுதா, வீடு எங்கே என்று தமிழில் கேட்கிறார்கள், கன்னடத்தில் கேட்கிறார்கள், இவள் கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டுகிறாள். தலையில் அடிபட்டதில் ‘மாத்து ஹோகிபிட்டிதே’ என்று, பேச்சே போய்விட்டதாக முடிவு கட்டி, ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். இவள் எழுந்து சேலையை உதறி, எல்லோருக்கும் கைகூப்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டாள். ஆம்புலன்ஸ் வந்து, பேச்சு போன அம்மா எங்கே என்று தேடியிருக்கிறது. இந்த விவரமெல்லாம் மேட்டு டீக்கடைக்காரர் எனக்குச் சொன்னது. அவள் வீட்டுக்கு வந்து சிமிழைக் கழற்றி வைத்த பிறகு அவளுடைய விவரம் தனியாக வந்தது, மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை.

விஷயம் பங்கு ஃபாதர் காதுக்குப் போயிற்று. அவர் நல்ல மனுஷன், திட்டவில்லை. நோராம்மா, நீங்க விழுந்தாலே எனக்கு வருத்தம், ஆண்டவரோட விழுந்தா நான் என்ன பண்ணுவேன் என்று மட்டும் கேட்டார். சாம்பல் புதனுக்குள் சைக்கிள் சரியானால் பார்க்கலாம், இல்லாவிட்டால் தபசு காலத்திலிருந்து லாயிட் அந்த வீடுகளுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். லாயிட் இளைஞர் குழுத் தலைவன், புல்லட் வைத்திருக்கிறான், தங்கமான பிள்ளை. ஒரு வெள்ளி அவனை அனுப்பியும் பார்த்தார்கள். பூசை முடிந்து நான் காபி குடித்து முடிப்பதற்குள் ஏழு வீடும் போய் வந்துவிட்டான். கையெழுத்து ஒன்றுதான் வாங்கவில்லை, மற்றபடி குரியர் பையன் மாதிரியே வந்து போனான் என்று மேட்டு வீட்டு ஆஞ்சலா அம்மா சொன்னார்களாம். அதைக் கேட்டு உன் அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதாள் நிக்கோல். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஆட்டோவில் போனால் என்ன என்று நீ கேட்பாய், போனாள். பேசக்கூடாதே, அதனால் அட்டையில் ‘இடது’, ‘வலது’, ‘நிறுத்து’ என்று பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனாள், தமிழில். ஆட்டோக்காரர் மண்டியாக்காரர், தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. அவர் ஒவ்வொரு அட்டைக்கும் ஹௌது, ஹௌது என்று ஆமாம் போட்டுத் தலையாட்டி கோரமங்களா வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஏழு வீட்டுக்கும் நடந்தே போகலாமென்றால் முழங்கால் இடம் கொடுக்காது. ரயான் ஒரு புது கியர் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். அதில் பல்சக்கரம் எல்லாம் வெளியே வரிசையாக நிற்கிறது, செயினுக்கு மூடியும் இல்லை, தெருக்கோடி போவதற்குள் அம்மாவின் சேலைத் தலைப்பை அது தின்ன ஆரம்பித்துவிட்டது. சேலை கட்டிக்கொண்டு மேடு ஏற வேண்டுமென்றால் கியர் வயிற்றுக்குள் இருக்கிற பின்சக்கரம்தான் வேண்டும், வேறு வழியில்லை. அங்கே கடையில் இதே மாதிரி சக்கரம் இருக்கிறது என்று நீ அனுப்பிய படத்தையும் பாயிடம் காட்டினேன். நம்முடைய ரிம்மில் ஸ்போக்ஸ் கம்பிக்கு நாற்பது ஓட்டை, உன் ஊர்ச் சக்கரத்து உருளையில் அதைவிடக் குறைவு, இதற்கும் அதற்கும் கல்யாணம் நடக்காது என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் நான் தேட ஆரம்பித்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று எனக்குத் தடை போட்டிருக்கிறீர்களே, பஸ்ஸில் ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சிவாஜிநகர் குஜரிக் கடை ஒன்று விடவில்லை, பழைய இரும்புக்குள் தலையை விட்டுத் தேடினேன். சிக்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன், அங்கே சக்கரத்தைத் தவிர எல்லாம் இருந்தது, ஒரு கிராமபோன் குழாய் வாங்கி வந்தேன், அதற்கு வாங்கிய திட்டு தனி. ஆனேக்கல்லில் ஒரு கடையில் நிச்சயம் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவ்வளவு தூரம் போனேன். கடைக்காரர் ஒரு சக்கரத்தை எடுத்துப் போட்டார், பார்த்தால் கியரெல்லாம் வெளியே. உள்ளே இருக்கணும் என்றேன். ‘ஒளகடே கேரா சார்?’, கியர் உள்ளேயா என்று சிரித்தார், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார், இருவருமாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்து ஓசூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மெஜஸ்டிக் பக்கம் ஒருவரிடம் அதே மாதிரி சக்கரம் இருந்தது, ஆசையாகச் சுற்றிப் பார்த்தால் அதற்குள்ளும் பல் இல்லை. அதை வேறு நான் கொஞ்சம் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பாக இருந்தது, எந்த சைக்கிளை விற்றுவிடு என்று வருஷக்கணக்காக நச்சரித்தேனோ அதற்காக ஊர் ஊராக அலைகிறேன்.

நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. பாய் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு அம்மா பச்சை சைக்கிளுக்குக் கியர் வீல் தேடுறாங்க என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை உன் அம்மா மேட்டில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாள், ஃபாதருக்குத் தெரியாமல் அல்ல, மேட்டில் மட்டும் மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்துத்தான். கீரைக்கட்டோடு ஒரு பெரியவர் எதிரே வந்தவர், சைக்கிளைப் பார்த்தார், ஹேண்டில்பாரில் இருக்கிற கியர் விசையைப் பார்த்தார், திரும்பி இவள் பின்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டார். அம்மா, நில்லுங்கம்மா, வீலு எங்கிட்ட இருக்குது, உங்களுக்குத்தாம்மா என்று சத்தம் போட்டுக்கொண்டே வருகிறார். உன் அம்மா என்ன செய்வாள்? காதில் விழுகிறது, இத்தனை நாள் தேடியது பின்னாலேயே ஓடிவருகிறது, கழுத்தில் சிமிழ் இருக்கிறது. திரும்பி அவரைப் பார்த்து, மார்பில் கை வைத்து, கண்ணைத் தாழ்த்திவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ஏழாவது வீட்டு ஜெபத்தை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாதாம். வீட்டுக்கு வந்தவள் வாசலிலிருந்தே ஆரம்பித்தாள், கிடைச்சுதுங்க, போச்சுங்க, ஒரு பெரியவர், கீரைக்கட்டு, வீலு, ஓடினார், நான் பேசலை, ஐயோ என்று தலையும் வாலும் இல்லாமல். எனக்கு அடிபட்டது அவளுக்கா கீரைக்கட்டுக்கா என்று புரியவே நேரம் பிடித்தது.

பாயிடம் ஓடினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். வந்தது ஆதிகேசவன் என்பவர், ஈஜிபுராக்காரர், ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், வீல் அவரிடம் இருப்பது உண்மை, ஆனால் இப்போது கோபத்தில் இருக்கிறார், அந்தம்மாவுக்கு மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றார். விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். சந்துக்குள் சந்து, கீழ்வீடு. கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றுகொண்டே பேசினார். ‘நான் என்ன அந்தம்மாகிட்ட பிச்சையா கேட்டேன்? வீலு இருக்குதுன்னுதானே சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கினு போவுது. நான் ஒரு மனுஷனாத் தெரியலியா?’ அவர் குரல் உடைந்துவிட்டது, கோபமில்லை அது, அவமானம். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. அய்யா, அவள் கழுத்தில் இருந்தது எங்கள் நற்கருணை, எங்களுக்கு அது சாமியேதான், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறாள், அந்த நேரத்தில் என்னோடுகூடப் பேசமாட்டாள் என்று சொன்னேன். அவர் கம்பிக் கதவுக்குக் கிட்டே வந்தார். பிறகு, ‘அப்போ அது சாமி புறப்பாடா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘சைக்கிள்லயா?’ ஆமாம் என்றேன். சட்டென்று கதவைத் திறந்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சாமி புறப்பாட்டுக்கு நடுவுல பூந்து கீரைக்கட்டோட கூப்பிட்டிருக்கிறேனே, அப்போ அந்த சைக்கிளு சாமியோட வாகனமில்லையா, வாகனத்துக்கு வீலு கேட்டா இல்லைன்னு சொல்ல நான் யாரு என்கிறார். பங்கு ஃபாதர் காதில் விழுந்தால் என்ன சொல்வாரோ, நான் மறுக்கவில்லை. சக்கரம் வேண்டியவன் நான், மறைக்கல்வி நடத்தப் போகவில்லை.

ஆனால் உள்ளே போனால் இன்னொரு சிக்கல். அவருடைய பழைய சைக்கிளிலிருந்து கழற்றி வைத்த அந்தச் சக்கரம் சும்மா கிடக்கவில்லை, வேலை பார்க்கிறது. அவர் மனைவி வனஜா அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நடமாட்டம் இல்லாமல் நாற்காலியோடு இருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே சக்கரத்தைப் படுக்கைவாட்டில் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறார் மனுஷன். பக்கத்தில் வாஷிங் மெஷின். வனஜா அம்மா உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொரு துணியாக எடுத்து ரிம்மில் கிளிப் போட்டு மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றி அடுத்ததை மாட்டுகிறார்கள். நான் போன நேரம் முழுக்க உள்பாவாடையும் ரவிக்கையும் தொங்குகிறது, உருளை எப்படி இருக்கிறதென்று நிமிர்ந்து பார்க்கவும் கூச்சம், பார்க்காமல் வரவும் மனசில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சக்கரத்தைப் பற்றி விசாரித்தேன். வனஜா அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். உன் அம்மாவுக்குச் சரியான ஜோடி என்று எனக்கு அப்போதே பட்டது. ‘வீலைத் தரேன். நீங்க வந்து கேட்டா தரமாட்டேன். வாயில கொழுக்கட்டை வச்சிக்கினு போனாங்களே, அவங்களே வந்து வாயைத் திறந்து கேக்கட்டும்.’ அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

உன் அம்மாவை வாயைத் திறக்கச் சொல்வதும் ஒரு தண்டனையா? மறுநாளே கிளம்பிவிட்டாள், நெல்லிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், கொஞ்சம் அச்சுமுறுக்கு. நான் நம்முடைய ஜான் போன சக்கரத்தை பாயிடம் கழற்றி வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். கியர் செத்துப் போனாலும் சுற்றுவதற்கு அதற்கு என்ன குறை, இதை அங்கே மாட்டிவிட்டு அதை இங்கே எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆதிகேசவன் சொன்ன யோசனை. அவரும் நானும் ஸ்டூல் போட்டு ஏறி இறங்கி மாற்றிக்கொண்டிருந்தோம். பெண்கள் இருவரும் ஒரு மன்னிப்பில் ஆரம்பித்து, இடுப்பு எலும்பு, ஆஸ்பத்திரி சாப்பாடு, ஈஜிபுரா தண்ணீர், ஊறுகாய்க்கு வெந்தயம் வறுப்பதா வேண்டாமா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். வெந்தயத்தில் சண்டை வந்து சமாதானமும் ஆயிற்று. நடுவில் வனஜா அம்மா, உயரம் அதிகம், இறக்கு என்று புருஷனை அதட்ட, அவர் இறக்க, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பழசைவிட இது லேசாச் சுத்துது என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் வனஜா அம்மா அதைக் கேட்டார்கள். நானும் கேட்க நினைத்துக் கேட்காமலே இருந்தது. ‘ஏம்மா, இவ்வளவு பேசற ஆளு நீ. அன்னிக்கு இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க சாமி கோச்சிக்குமா?’ நான் ஸ்டூலில் நின்றபடி ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா ஊறுகாய் பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள், ‘சாமி கோச்சிக்காது. என் பொண்ணு வெளிநாட்டுல நர்ஸா இருக்கா. நான் இங்க கோயில்லேர்ந்து கிளம்பற நேரம் அங்க நடு ராத்திரி, வார்டுல அவ ஒருத்தியா நிக்கற நேரம். போன்ல கேட்டா எல்லாம் நல்லாருக்கும்மான்னு சிரிக்கறா. நான் பெத்தவ, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அந்த நேரம் முழுக்க ஆண்டவர் என்கிட்ட இருக்காரு, அவளைப் பத்தி மட்டும்தான் அவர்கிட்ட சொல்லிக்கிட்டே போவேன். நடுவுல வேற பேச்சு பேசினா அவ தனியா நிக்கற மாதிரி இருக்கும்.’

வனஜா அம்மா கை நீட்டி உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆதிகேசவன் என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை, இரண்டு பேரும் ஏற்கெனவே இறுக்கிய நட்டை மறுபடி இறுக்கினோம். நிக்கோல், இத்தனை நாளாக ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. நீ நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நான் நம்பிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுகிறவன். அவளுக்கு அந்த ஊழியத்தின் மேல் பிடிவாதம், கோயிலில் நாலு பேர் மதிக்கிறார்கள் என்கிற பெருமை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். லாயிட் போய் வந்த அன்றைக்கு அவள் எதற்கு அழுதாள் என்பதுகூட எனக்கு அங்கே ஸ்டூலில் நிற்கும்போதுதான் புரிந்தது. கீழே இறங்கித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஃபாதர் வைத்த கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே, பாய் புதன்கிழமை சக்கரத்தை மாட்டி, கோட்டம் எடுத்து, உருளைக்குள் எண்ணெய் விட்டு, புது ஒயர் போட்டுக் கொடுத்துவிட்டார். ஃபாதர் முன்னால் கோயில் வளாகத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள், அவர் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டார். லாயிட்தான் பலமாகக் கைதட்டினான், அவனுக்கும் வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு நேரமாகிறதாம். இனிமேல் சனிக்கிழமைகளில் வனஜா அம்மா வீடு என்று வேறு ஒரு ஏற்பாடு ஆகியிருக்கிறது, அதில் சிமிழ் கிடையாது, பேச்சு மட்டும்தான். இன்றைக்கும் ரிகர்சலுக்கு முன் அங்கே போய்விட்டுத்தான் போனாள். எனக்கு வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிகிறது.

நேற்று வெள்ளி. அவளுக்குச் சொல்லாமல் நான் முன்னாலேயே போய் மேட்டு டீக்கடை ஓரம் நின்றுகொண்டேன், ஏறுகிறாளா பார்க்கலாமென்று. அங்கே போனால் எனக்கு முன்னால் ஆதிகேசவன் நிற்கிறார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு. ஒன்றும் பேசவேண்டாம் என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். நானும் தொப்பியை எடுத்துவிட்டேன். பாலத்தைத் தாண்டி வந்தாள். மேடு தொடங்குகிற இடத்தில் விசையைத் தட்டினாள், பெடல் சட்டென்று இலேசாகிவிட்டது தெரிந்தது, இறங்கவில்லை, அவசரமில்லாமல் மிதித்து மிதித்து ஏறி வந்தாள். ஆதிகேசவன் கைகூப்பினார். அவள் எங்களைத் தாண்டும்போது என்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் தாலி கட்டிய புருஷன் நடுரோட்டில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு சிரிப்புக்கூட இல்லை, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வருத்தமே இல்லையம்மா. அந்த நேரத்தில் அவள் உன் பக்கத்தில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

இதை நான் எழுதியதாக அவளிடம் மூச்சு விடாதே, என்னைத் தொலைத்துவிடுவாள். கண்ணு, நீ நல்லாருக்கேன் என்று சிரிக்கும்போது இனிமேல் எனக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்லு, போனில் முடியாவிட்டால் இரண்டு வரி எழுது, தபால் எனக்குப் பழக்கம்தான். ஈரத் தலையோடு டூட்டிக்குப் போகாதே, பிரெட்டைத் தின்று வயிற்றை நிரப்பாதே, ஒரு கைப்பிடி சோறு வடித்துக்கொள். உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போட்டிருக்கிறேன், குழந்தை இயேசு உன்னைக் கையைப் பிடித்து நடத்தட்டும், நீ தொட்டுப் பார்க்கிற நோயாளிகள் எல்லாம் குணமாகட்டும்.

உன் அப்பா,
ரெமிஜியஸ்